வேறொருவர் விளையாட்டுக்கு எங்கள் ஊர்த் துணைநூல்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குத் துணைநூல் போடுகிறோம் என்று சொன்னதும் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “அந்தக் கம்பெனிக்காரன் கேஸ் போட மாட்டானா?” நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரியாமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்துவார்கள். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். ஊர், காடு, எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு இது. விதிப்புத்தகம் கையில் இருந்தால் அதன்மேல் புதிய ஊர்கள், பூதங்கள், சாகசங்கள் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். அப்படிச் சேர்ப்பதைத்தான் துணைநூல் என்கிறேன். மூலக் கம்பெனிதான் அதை எழுத வேண்டும் என்றில்லை. 1976-லேயே இலினாய் மாநிலத்தில் ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறிய நிறுவனம் இதே விளையாட்டுக்கு வரைபடங்களும் நகரங்களும் அச்சிட்டு விற்றது. அப்போது விளையாட்டுக்குச் சொந்தக்காரர்களான டிஎஸ்ஆர் நிறுவனம் அதற்கு அனுமதி தந்திருந்தது. மேஃபேர் கேம்ஸ் 1982 முதல் துணைநூல் போட்டது. அவர்களுக்கும் டிஎஸ்ஆருக்கும் சண்டை முற்றி 1993-இல் நீதிமன்றம் வரை போனது. ஆக, ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கு வயது நாற்பதுக்கு மேல்.

அது தணிந்தது 2000-இல். டிஎஸ்ஆரை வாங்கியிருந்த விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், மூன்றாம் பதிப்போடு ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தைக் கொண்டுவந்தது. விதிகளின் சாரத்தை எஸ்ஆர்டி என்ற கோப்பாகக் கொடுத்து, நிபந்தனைகளைப் பின்பற்றி யார் வேண்டுமானாலும் எழுதி விற்கலாம் என்றார்கள். உலகம் முழுக்கச் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் முளைத்தன. 2008-இல் நான்காம் பதிப்புக்குக் கெடுபிடியான வேறு உரிமம் வந்தபோது, பைசோ நிறுவனம் பழைய திறந்த உரிமத்தை வைத்தே 2009-இல் பாத்ஃபைண்டர் என்ற தனி விளையாட்டை வெளியிட்டது. ஒரு உரிமத்தின் பலத்தில் போட்டி விளையாட்டே எழுந்து நின்றது என்றால் அந்தக் காகிதத்தின் மதிப்பு புரியும்.

பிறகு 2023 ஜனவரி. பழைய உரிமத்தை ரத்து செய்யும் புதிய வரைவு கசிந்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால், அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை பங்கு தர வேண்டும். நாம் எழுதியதை அவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அந்தத் தொகையைக் கனவிலும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் இருபது ஆண்டுக்கு மேலாக ஒரு வாக்குறுதியை நம்பி எழுதியவர்களின் காலடி மண்ணை உருவுவதாகவே அதைப் பார்த்தேன், இப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன். எதிர்ப்பு பலமாக இருந்தது. அவர்களே நடத்திய கருத்துக்கணிப்பில் 89 சதவீதம் பேர் பழைய உரிமத்தை ரத்து செய்வதில் அதிருப்தி தெரிவித்தார்கள். ஜனவரி 27 அன்று கம்பெனி இறங்கிவந்தது. பழைய உரிமத்தைத் தொடுவதில்லை என்றது; ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி 5.1 முழுவதையும், பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் விட்டது. திரும்பப் பெற முடியாத உரிமம் அது. 2024 விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2 கோப்பும் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்துவிட்டது.

நாங்கள் துணிந்து இறங்கியது அந்த ஜனவரி 27-ஐ நம்பித்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் அலட்சியம் கூடாது. எஸ்ஆர்டியின் முதல் பக்கத்தில் ஒரு நன்றி அறிவிப்பு இருக்கிறது. அதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே உங்கள் புத்தகத்தில் போட வேண்டும். நாங்கள் அதை ஆங்கிலத்திலேயே போட்டு, கீழே தமிழில் விளக்கம் கொடுத்தோம். விளையாட்டின் பெயரையோ சின்னத்தையோ அட்டையில் போடக் கூடாது. அது வணிகக் குறி, கிரியேட்டிவ் காமன்ஸ் அதைக் கொடுக்கவில்லை. “ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்” என்ற பொருளில் ஒரு வரி போட்டுக்கொள்ள எஸ்ஆர்டியிலேயே அனுமதி இருக்கிறது, அது போதும். எஸ்ஆர்டியில் விவரம் கொடுக்காத பூதங்களைத் தொடாதீர்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் இரண்டும் ஆட்டக்காரர்களுக்கு உயிர், ஆனால் அவற்றின் ஸ்டாட் பிளாக், அதாவது எண் விவரம், அந்தக் கோப்பில் இல்லை. ஆட்டம் நடத்துகிறவரை அவர்கள் சொல்கிறபடி டன்ஜன் மாஸ்டர் என்று எழுதாமல் கேம் மாஸ்டர் என்று எழுதுங்கள். நம் நாட்டுச் சட்டமும் பெரிய அளவில் துணைக்கு இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக அடுத்தவர் வாக்கியத்தைத் தூக்கிப் போடலாம் என்று அர்த்தமில்லை.

சரி, உரிமம் முடிந்தது. அப்புறம் என்ன எழுதுவது?

இங்கேதான் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வாள், மந்திரம், பாத்திர வகை என்று விதிகளைக் கூட்டிக்கொண்டே போகிற துணைநூல்கள் ஏராளம். அவற்றை அமெரிக்காவில் முழுநேரமாக உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் எழுத முடியாதது எங்கள் பாலக்காட்டுக் கணவாய். கிழக்கே பொள்ளாச்சி, கோவை, மேற்கே பாலக்காடு, வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வாசல். கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் கிடைத்திருக்கிறது. கடலுக்கும் கொங்குக்கும் நடந்த வியாபாரத்துக்கு இதைவிட இயல்பான பாதை கிடையாது. நாங்கள் இருப்பது சித்தூர் தாலுக்கா. மாநிலம் கேரளம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும். மலேசியாவில் ஒரு எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து தென்கிழக்கு ஆசியாவை வைத்துச் சிறு சிறு புத்தகங்கள் போட்டார்கள். விதியே கிட்டத்தட்ட இல்லாமல், இடமும் மனிதர்களும் மட்டும். உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். எங்களுக்கு வழி காட்டியது அதுதான்.

நாங்கள் மூன்று பேர். எழுத்து என்னுடையது. படம் என் அத்தை மகளுடையது. ஆட்டத்தை நடத்திப் பார்ப்பதும் கணக்கும் பொள்ளாச்சி நண்பருடைய வேலை. எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சுங்கச்சாவடி, அதில் ஒரு இரவு. கோபாலபுரம், வேலந்தாவளம், நடுப்புணி, மீனாட்சிபுரம் என்று செக்போஸ்ட்டுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ரேஷன் அரிசி எப்படிக் கடக்கும், ஸ்பிரிட் எப்படிக் கடக்கும் என்ற கதைகள் இங்கே குழந்தைக்கும் தெரியும். அதைக் கற்பனை ராஜ்ஜியம் ஒன்றுக்கு மாற்றினோம்.

சாவடிக்கு வரும் வண்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பன்னிரண்டு பக்கப் பகடை உருட்டிப் பார்க்க ஓர் அட்டவணை வைத்தோம். அதிலிருந்து சில:

1 விழுந்தால்: பனங்கருப்பட்டி. மேல் அடுக்கு மட்டும். அடியில் வரி கட்டாத உப்பு.

4 விழுந்தால்: அரிசி மூட்டைகள். ஒன்றுக்குள் பத்து வயதுப் பையன். அக்கா அந்தப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்ட ஊருக்குப் போகிறான். வண்டிக்காரருக்கு விஷயம் தெரியாது.

7 விழுந்தால்: காலிக் கள் பானைகள். எண்ணிப் பார்த்தால் ஓலையில் எழுதியதைவிட ஒரு பானை அதிகம்.

9 விழுந்தால்: பெட்டி நிறையத் தோல் பாவைகள். சாவடிக் காவலரில் மூத்தவர் அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

ஒவ்வொரு வரியிலும் கேம் மாஸ்டர் உடனே கையில் எடுக்கக்கூடிய ஒரு பிடி இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தோம். “மர்மமான வண்டி” என்று எழுதினால் மர்மம் என்ன என்பதை அவர்தான் யோசிக்க வேண்டும். அந்த யோசனையைச் செய்து கொடுப்பதற்குத்தானே புத்தகத்துக்குக் காசு வாங்குகிறோம்.

யானை விஷயமும் அப்படியே. எஸ்ஆர்டி 5.1-இல் யானைக்கு விவரம் இருக்கிறது: ஆர்மர் கிளாஸ் (அடிபடாமல் தப்பும் அளவு) 12, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 76, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடுமை) 4. ஆட்டம் தொடங்கும் முதல் நிலைப் பாத்திரங்கள் நாலு பேர் நேருக்கு நேர் மோதினால் பிழைப்பது கஷ்டம். நாங்கள் அந்த எண்களைத் திரும்பவும் அச்சிடவில்லை. அதற்குப் பதிலாக மூன்று வரி எழுதினோம். எதற்காக வந்திருக்கிறது: சாவடிக்குப் பின்னால் பழுத்து வெடித்திருக்கும் பலா. எது அதைத் திருப்பும்: தகரச் சத்தமும் தீப்பந்தமும், இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் மட்டும். எது அதைக் கோபப்படுத்தும்: குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் யாராவது நிற்பது. வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் வயலில் யானை இறங்கிய இரவுகளைப் பற்றி விவசாயிகள் சொல்வதை உட்கார்ந்து கேட்டால் இதெல்லாம் கிடைக்கும். இதற்கு எந்த விதிப்புத்தகமும் ஈடாகாது.

காற்றுக்கும் ஓர் அட்டவணை வைத்தோம், மாத வாரியாக. ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றில் வில்லுக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), திறந்த தீப்பந்தம் நிற்காது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. ஒரு பொறி விழுந்தால் காய்ந்த புல் முழுக்கத் தீ. கணவாயில் வாழ்கிறவர்களுக்குக் காற்றுதான் காலண்டர். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

ஊரை எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் கொங்கன்படை நடக்கும். கொங்குப் படை வந்ததையும் அம்மன் துணையில் அது தோற்றதையும் நினைத்துக் கொண்டாடும் திருவிழா. எங்கள் ஆட்ட மேஜையிலோ சித்தூர்க்காரரும் பொள்ளாச்சிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். கிழக்குப் படை கெட்டவர்கள், மேற்குப் படை நல்லவர்கள் என்று எழுதினால் மேஜையில் ஒருவர் வாய் மூடிவிடுவார். அதனால் இரண்டு பக்கத்துக்கும் நியாயமான தேவை கொடுத்தோம். ஒருவருக்குத் தண்ணீர் வேண்டும், மற்றவருக்குப் பாதை வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர்ப் பேச்சை வருஷா வருஷம் கேட்கிற ஊரில் இதற்குப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை. சாமியின் பெயர் எதையும் பயன்படுத்தவில்லை.

தோல்பாவைக்கூத்தும் அப்படித்தான். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், வரிசையாக இருபத்தொரு விளக்கேற்றி, இரவு முழுக்கக் கம்பராமாயணப் பாட்டை வைத்து நடத்துகிறார்கள். கம்பன் பாட்டு அப்படியே இருக்கும். அதற்கு மேல் பாவை ஆட்டுகிறவர்கள் விளக்கம், கிளைக்கதை, விவாதம் என்று விரித்துக்கொண்டே போவார்கள். துணைநூல் எழுதுகிறவர் செய்வதும் அதேதான் என்று நினைக்கிறேன்: மூலத்தைத் தொடாமல் சுற்றிலும் வளர்ப்பது. கூத்துமாடத்துக்குள் ஒரு சண்டைக் காட்சி வைக்கலாமா என்று அந்தக் கலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். மாடத்தை எழுதுங்கள், உள்ளே ரத்தம் வேண்டாம் என்றார். சண்டையை வெளியே திடலுக்கு மாற்றினோம். விளக்கு அணையாமல் காப்பது ஆட்டக்காரர்களின் வேலை என்று வைத்தோம். சண்டையைவிட அந்தக் காட்சிதான் மேஜையில் நன்றாக எடுபட்டது.

எடுபட்டது என்று எப்படித் தெரியும்? எழுதியவர் நடத்தினால் தெரியாது. எழுதியவர் தலையில் இருப்பதெல்லாம் வாய் வழியாக வந்துவிடும், புத்தகத்தில் ஓட்டை இருப்பது வெளியே தெரியாது. கோவையில் ஒரு மாணவர் குழுவிடம் கட்டாகக் கொடுத்து, அவர்களில் ஒருவரையே நடத்தச் சொல்லிவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். அவர் எந்த இடத்தில் பக்கம் புரட்டுகிறார், எந்த இடத்தில் “ஒரு நிமிஷம்” என்கிறார், இரண்டு மட்டும்தான் கவனித்தேன். வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி ஐந்து வரியைத் தாண்டினால் பிள்ளைகள் போனை எடுத்தார்கள். எல்லாவற்றையும் மூன்று வரியாக்கினோம். ஆடிய ஒரு பெண், சாவடிக்காரரிடம், “அண்ணா, ஒரு மாட்டுவண்டிக்கு எவ்வளவு? லஞ்சம் கொடுத்தா எவ்வளவு?” என்று கேட்டாள். கேம் மாஸ்டர் புத்தகத்தைத் தேடினார். சுங்கக் கட்டணப் பட்டியல் முதல் பக்கத்துக்கே வந்தது அதனால்தான். லஞ்சத்துக்கும் தனி வரி சேர்த்தோம், இரவுக் காவலர் மாறும் நேரத்தோடு.

விதிச் சொற்களை ஆட்டக்காரர்கள் மேஜையில் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் போட்டோம். கேரக்டர் ஷீட்டில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் தேட வேண்டியதில்லை.

அச்சு வேலை தனிக் கதை. தமிழ்ச் சொற்கள் நீளம்; ஏ5 பக்கத்தில் இரண்டு பத்தியாகப் பிரித்தால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும், நடுவில் பொத்தல் பொத்தலாக இடம் விடும். ஒற்றைப் பத்திதான் சரி. அட்டவணைகளைப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் போடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குப் பாலூ தம்பி. இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, விற்பனைப் புத்தகத்திலும் தயங்காமல் போடலாம். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.5 வரிசை தமிழைச் சரியாக அடுக்கும். இன்டிசைன் வைத்திருந்தால் வேர்ல்ட் ரெடி கம்போஸரை இயக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பொள்ளாச்சி அச்சகத்து அண்ணன் கோப்பைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “தம்பி, நம்ம பேஜ்மேக்கர்ல யூனிகோடு ஓடாதுங்க. எழுத்துரு உள்ள சேர்த்து பிடிஎஃப்பா கொண்டாந்துருங்க, அப்படியே அடிச்சுத் தந்தர்றேன்.” அவர் சொன்னபடியே செய்தோம். சென்டர் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்கில் வர வேண்டும், எங்களுடையது 32. உள்ளே மேப்லித்தோ தாள், அட்டை ஆர்ட் கார்டு மேட் லேமினேஷன். உள்தாளுக்கு ஆர்ட் பேப்பர் வேண்டாம். ஆட்டக்காரர்கள் பென்சிலால் எழுத வேண்டும். முழு எண்ணிக்கையும் ஓடும் முன் மடித்துப் பின் அடித்த ஒரு புரூஃப் காப்பி வாங்கிப் பாருங்கள், திரையில் பார்ப்பது கணக்கில் வராது. ஐஎஸ்பிஎன் எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக இலவசமாகக் கிடைக்கிறது, யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

விற்பனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸார்ட்ஸ் ஒப்புதலோடு நடக்கும் டிஎம்ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் போட்டால் எழுத்தாளருக்குப் பாதி. அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. அந்த வழி எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம், ஊரை அடகு வைப்பது போல இருந்தது. டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடையில் 65 சதவீதம், அங்கே மட்டும்தான் விற்பேன் என்று ஒப்புக்கொண்டால் 70. இட்ச் தளத்தில் அவர்கள் பங்கை நாமே வைக்கலாம், ஒன்றும் மாற்றாவிட்டால் 10. பிடிஎஃப்பை இட்ச்சில் வைத்தோம். வெளிநாட்டுப் பணம் பேபால் வழியாக வரும். 2021 ஏப்ரல் முதல் பேபாலில் உள்நாட்டுப் பரிமாற்றம் கிடையாது, அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு யுபிஐ, தபால். காகிதப் பிரதி அதிகம் போனது கோவைக்கும் திருச்சூருக்கும். திருச்சூரில் வாங்கியவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கூட விளையாடும் தமிழ் நண்பர் நடத்த, அவர்கள் மலையாளத்தில் ஆடுகிறார்கள். அவர்களுக்காக அட்டவணைகளை மட்டும் மலையாளத்தில் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

கடைசிப் பக்கத்தில் எங்கள் சொந்த உரிம அறிவிப்பு இருக்கிறது. வண்டி அட்டவணை, காற்று அட்டவணை, சுங்கக் கட்டணம், யானையின் மூன்று வரி எல்லாவற்றையும் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0-இல் விட்டிருக்கிறோம். பெயர் போட்டுவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். படங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை அத்தை மகளுக்குச் சொந்தம், அவளிடம் கேட்க வேண்டும். ஆந்திரத்தின் குப்பத்திலோ நகரியிலோ இருந்துகொண்டு தெலுங்கும் தமிழும் கலந்த எல்லையை எழுத நினைக்கிறவர்கள் வண்டி அட்டவணையை எடுத்துக்கொண்டு, கருப்பட்டிக்குப் பதிலாகத் தங்கள் பக்கத்தில் என்ன கடக்கிறதோ அதைப் போட்டுத் தொடங்கலாம்.